தணிப்பதும் மருத்துவமே

நுரையீரல் புற்றுநோய் முற்றியவர்க்கு, ‘இனிச் செய்வதற்கொன்றுமில்லை’ என்று கைவிரிப்பது நம்மிடையே வழக்கம். அது பொருந்தாது என்பது என் கருத்து.

வலியும் மூச்சுத்திணறலும் உடலின் துன்பங்கள். அச்சமும் பணக்கவலையும் உடன் சேர்கின்றன. இவை யாவும் ஒன்றே என்று காட்டியவர், இலண்டனில் 1967-இல் தூய கிறிஸ்டோபர் இல்லத்தைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ் அம்மையார். ஆகவேதான் இப்பணிக்குக் குழு வேண்டியிருக்கிறது. மருத்துவர் மார்பின் மருந்தை அளவறிந்து கொடுத்து வலியையும் திணறலையும் தணிக்கிறார். செவிலியர் அன்றாடம் கவனிக்கிறார். இயன்முறை மருத்துவர் மூச்சைச் சீராக்கும் முறைகளைக் கற்பிக்கிறார். சமூகப் பணியாளர் குடும்பத்தாரோடு பேசுகிறார்.

இதை எப்பொழுது தொடங்குவது? பாஸ்டன் நகரில் இந்நோய் முற்றிய 151 பேரிடம் நடந்த ஆய்வு 2010-இல் வெளிவந்தது. நோய் தெரிந்த சில வாரங்களிலேயே, வழக்கமான சிகிச்சையோடு இதனையும் பெற்றவரிடம் மனச்சோர்வு குறைந்திருந்தது. அவர்தம் வாழ்நாளின் இடைநிலை அளவு 11.6 மாதம், மற்றவர்க்கு 8.9 மாதம். எனவே, இது இறுதி நாளுக்கென ஒதுக்கி வைக்க வேண்டியதன்று.

நமது புனேயில், வார்ஜே பகுதியில், சிப்லா தணிப்பு மருத்துவ நிலையம் 1997-இல் தொடங்கப்பெற்று, கட்டணமின்றி இப்பணியாற்றி வருகிறது. மாணவ நண்பர்களே, மராத்தியோ இந்தியோ அறியாத தமிழ் முதியவர், தம் வலி எத்தகையது என்று யாரிடம் சொல்வார்? இரு மொழியும் அறிந்த நாம் துணைக்குச் சென்றால், அக்குழுவில் நாமும் ஒருவராவோம்.