தறியும் சட்டமும்

கமண்டல நாகநதிக் கரையிலுள்ள எம்மூராகிய ஆரணியில், சட்டம் என்றவுடன் முதியோர்க்கு நினைவு வருவது நீதிமன்றமன்று, தறியே. மரச்சட்டங்கள் ஒன்றோடொன்று பிணைந்து நின்றாலன்றிப் பாவு இறுகாது. பாவு இறுகினாலன்றி ஊடை செல்லாது. தனித்து நிற்கும் சட்டம் எத்துணை வலியதாயினும் தறியாகாது. எரிபொருளையும் மின்விசையையும், அவற்றால் விளையும் தட்பவெப்ப மாறுதலையும் அரசு எங்ஙனம் சட்டத்தால் ஆள்கின்றது என்று கற்கப் புகும் மாணவர்க்கு இவ்வுண்மை நல்ல வழிகாட்டியாகும்.

இப்பொருள் முழுவதையும் அடக்கிய தனிச்சட்டம் நம் நாட்டில் இல்லை. வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு நோக்கத்தோடு எழுந்த சட்டங்களே ஒன்றுசேர்ந்து அப்பணியைப் புரிகின்றன. 1976-ஆம் ஆண்டின் 42-ஆவது திருத்தத்தால் அரசியலமைப்பிற் சேர்க்கப்பெற்ற 48அ உறுப்பு, சுற்றுச்சூழலைப் பேணுதல் அரசின் கடன் என்றது. 2001-ஆம் ஆண்டின் எரிசக்திச் சேமிப்புச் சட்டம் வீண்செலவைக் குறைக்க முற்பட்டது. 2003-ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டமோ, மின்விசையில் ஒரு பங்கைக் காற்று, கதிரவன் முதலிய குன்றாத மூலங்களினின்று வாங்குமாறு விதிக்கும் அதிகாரத்தை மாநில ஒழுங்குமுறை ஆணையங்களுக்கு அளித்தது.

இவற்றுக்கு அப்பால் உலக நாடுகளின் உடன்படிக்கையும் உண்டு. 2015-இல் பாரிசு நகரில் ஏற்பட்ட உடன்படிக்கையின் வழி, நாட்டின் மொத்த உற்பத்தி மதிப்பில் ஒவ்வொரு ரூபாய்க்கும் வெளியாகும் வெப்பவாயுக்களின் அளவை, 2005-ஆம் ஆண்டினதைவிட 45 விழுக்காடு, 2030-க்குள் குறைப்பதாக இந்தியா 2022-இல் உறுதி கூறிற்று. அவ்வாண்டிலேயே எரிசக்திச் சேமிப்புச் சட்டமும் திருத்தப்பெற்றது. குறித்த அளவினுங் குறைவாக வாயுவை வெளியிடும் ஆலை, அதற்குரிய சான்றினைப் பெற்று விற்கலாம் என்னும் முறைக்கு அத்திருத்தமே வழிவகுத்தது.

இனி, இச்சட்டங்கள் தறிக்குழிவரை எட்டுமோ என நோக்குவோம். கைத்தறியைக் காத்து நிற்பது 1985-ஆம் ஆண்டின் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம். சேலை, வேட்டி முதலிய 11 வகைகளுள், அது குறித்த இயல்புடையவற்றைக் கைத்தறியிலேயே நெய்தல் வேண்டும் என்பது அதன் விதி. விசைத்தறியாளர் வழக்குத் தொடுத்தனர். 1993-இல் உச்சநீதிமன்றம் சட்டம் செல்லும் எனத் தீர்ப்பளித்தது. நெசவாளர் பிழைப்பைக் கருதி எழுந்த சட்டமே அது. ஆயினும், நிலக்கரி வேண்டாத தொழில் ஒன்றை அது தன்னை அறியாமலே காத்துவருகின்றது.

மறுபுறம், தமிழக அரசு இரு மாதங்களுக்கு ஒருமுறை கைத்தறியாளர்க்கு 300 அலகும், விசைத்தறியாளர்க்கு 1000 அலகும் மின்சாரத்தை விலையின்றி வழங்குகின்றது. 2023-இல் உயர்த்தப்பெற்ற அளவுகள் இவை. ஒருவர்க்கு விளக்கெரிக்க, மற்றவர்க்குப் பொறி ஓட்ட. விசைத்தறியாளரிலும் வறியோர் பலராதலின் அச்சலுகையைப் பறித்தல் அறமாகாது; அம்மின்சாரம் எதனின்று பிறக்கின்றது என வினவுதலே அறம். கைத்தறியும் முற்றும் புகையற்றதன்று. பட்டின் பசை நீக்கவும் சாயம் ஏற்றவும் கொதிநீர் வேண்டும், அடுப்பு எரிய வேண்டும். இதனையும் மறைத்தலாகாது.

எம் பாட்டனார் தறிக்குழியில் அமர்ந்து நெய்தவர். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் மழை விடாது பெய்யின், தெருவிற் பாவு விரிக்க இயலாது, குழியில் ஈரம் ஊறும், தறி ஓயும். தறி ஓய்ந்த நாளுக்குக் கூலியில்லை. வெப்பம் மிகுந்த காற்று மிகுந்த நீரைச் சுமக்குமாதலின், பெருமழை மேலும் கடுமையாகும் என அறிவியலார் கூறுவர். அஃதாவது, புகையிற் சிறுபங்கும் விடாதவனே இழப்பிற் பெரும்பங்கு சுமக்கின்றான். ஆலைக்குச் சான்று வழங்கும் சட்டம் இவன் இழந்த நாட்களை எண்ணவில்லை.

எனினும் நம்பிக்கைக்கு இடமுண்டு. இராசத்தானத்திலும் குசராத்திலும் கதிரவன் மின்சாரத்தைக் கொண்டுசெல்லும் கம்பிகளால் கானமயில் என்னும் அரிய பறவை மடிவது பற்றிய வழக்கில், உச்சநீதிமன்றம் 2024-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 21-ஆம் நாள் ஒரு கருத்தை வெளியிட்டது. தட்பவெப்ப மாறுதலின் தீங்கினின்று காக்கப்பெறுதல், அரசியலமைப்பின் 14, 21-ஆம் உறுப்புக்கள் வழங்கும் சமத்துவத்தினின்றும் உயிர்வாழும் உரிமையினின்றும் பிறக்கும் உரிமை என்பதே அது. பறவைக்காக எழுந்த வழக்கினின்று மாந்தர்க்கு ஓர் உரிமை கிளைத்தது! ஆயின் உரிமை பாவு மட்டுமே. இழப்புக்கு ஈடு, கூரைமேற் கதிரவன் மின்சாரம், மழைநாளிற் பாவு விரிக்கப் பொதுக்கூடம் என ஊடை செல்லச்செல்லவே அஃது ஆடையாகும்.

தறிக்குழியின் ஆழத்தை நெய்வோன் காலளவு நோக்கியே தோண்டுவர். சட்டம் இயற்றுவோரும் அவ்வளவை நோக்குவாராக. அதனை அவர்க்கு எடுத்துரைத்தல் கற்ற நம் கடனாகும்.