வெயில் அடிக்கும் பக்கம்

கண்ணு முகிலனுக்கு,

அத்தை எழுதுகிறேன். நலமா என்று கேட்கப் போவதில்லை. போனில் உன் குரலே எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. கட்டுரையைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள், கைடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை, அஞ்சு மணிக்கெல்லாம் ஊர் இருட்டிவிடுகிறது. இதற்கு நடுவில் யாரோ வந்து "பாசிட்டிவா இரு" என்று சொல்லிவிட்டுப் போனார்களாம், அதுதான் உனக்குப் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. கோபம் நியாயம்தான். பசித்தவனிடம் போய்ச் சிரி என்று சொன்னால் யாருக்குத்தான் வராது?

ஆனாலும் உனக்கு ஒரு பாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் "கீப் ஆன் த சன்னி சைட்". நீ இருக்கிற வர்ஜீனியாவின் தென்மேற்கு மூலையில், மலையடிவாரத்துக் குடும்பம் ஒன்று பாடி நாடறியச் செய்த பாட்டு. வெயில் அடிக்கும் பக்கமாகவே போய்க்கொண்டிரு என்பதுதான் பொருள். உடனே முகத்தைச் சுளிக்காதே. சின்ன வயதில் கஷாயத்தைக் கண்டால் ஒரு முகம் வைத்துக்கொள்வாயே, அது இங்கிருந்தே எனக்குத் தெரிகிறது.

அந்தப் பாட்டை 1899இல் எழுதியவர் ஏடா பிளெங்கார்ன் என்ற அம்மாள். அவருடைய உடன்பிறந்தார் பிள்ளை ஒருவனுக்கு நடக்க முடியாது, சக்கர நாற்காலிதான். வெளியே அழைத்துப் போகும்போதெல்லாம், தெருவில் வெயில் அடிக்கும் பக்கமாகத் தள்ளிக்கொண்டு போகச் சொல்வானாம். அந்தப் பேச்சு அந்த அம்மாளின் மனசில் தங்கிப் பாட்டாகிவிட்டது. இதைப் படித்த அன்று எனக்கு உன் நினைப்புதான். கால் நாளைக்கே சரியாகிவிடும் என்றெல்லாம் அவன் சொல்லவில்லை பார். நாற்காலி இருக்கத்தான் இருந்தது. தெருவின் எந்தப் பக்கம் என்பது ஒன்றுதான் அவன் விருப்பத்துக்கு மிஞ்சியது, அதையும் இன்னொருவரிடம் வாய்விட்டுக் கேட்டால்தான் கிடைக்கும். அவன் கேட்டான். ஒவ்வொரு தடவையும் கேட்டான்.

நீ கேட்கவே மாட்டாய், அதுதான் எனக்குக் கவலை. சின்னதிலிருந்தே அப்படித்தான். இன்னும் கொஞ்சம் சோறு வைக்கட்டுமா என்றால் போதும் என்பாய், அப்புறம் தட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாய். உன் பாட்டி மறுபடி வந்து வைத்தால்தான் சாப்பிடுவாய். அங்கே பாட்டி இல்லையடா. கைடிடம் "ஐயா, எனக்கு அரை மணி நேரம் வேண்டும், எங்கே தப்பு என்று சொல்லுங்கள்" என்று நீதான் கேட்க வேண்டும்.

சரி, பாட்டுக்கு வருகிறேன். அதை இசைத்தட்டில் பதிவு செய்தவர்கள் கார்ட்டர் குடும்பத்தார், 1928இல், நியூஜெர்சியின் கேம்டன் ஊரில். ஏ. பி. கார்ட்டர், அவர் மனைவி சேரா, தம்பி மனைவி மேபெல் என்று மூன்றே பேர். அவர்கள் இருந்த பள்ளத்தாக்குக்குப் பெயரே புவர் வேலி. ஏ. பி. பழமரக் கன்றுகள் விற்றுக்கொண்டு ஊர் ஊராக அலைந்தவர், போகிற இடத்திலெல்லாம் பாட்டுகளைத் தேடிச் சேர்த்தவர். அதற்கு முந்தின வருஷம் பிரிஸ்டல் என்ற ஊருக்கு முதல் பதிவுக்குப் போனபோது மேபெல்லுக்குப் பதினெட்டு வயசு, பிள்ளைத்தாய்ச்சி. அந்த நிலையில் கிட்டாரைத் தூக்கி வைத்துக்கொண்டு வாசித்திருக்கிறாள்.

ரொம்பச் சுகமாக வாழ்ந்தவர்கள் பாடிய பாட்டு என்று நினைத்துவிடாதே. 1930களில் ஏ. பி.யும் சேராவும் பிரிந்துவிட்டார்கள். பிரிந்த பிறகும் மூவரும் சேர்ந்து பாடினார்கள். 1938இல் டெக்சாஸ் எல்லைக்கு அந்தப் பக்கம், மெக்சிகோவிலிருந்து ஒலித்த எக்ஸ்.இ.ஆர்.ஏ. வானொலிக்குப் பாடப் போனார்கள். வானொலியில் அவர்களுடைய அடையாளப் பாட்டே இதுதான். அறுந்துபோன கல்யாணத்தை மனசுக்குள் வைத்துக்கொண்டு இரண்டு பேர் இதைத் திரும்பத் திரும்பப் பாடியிருக்கிறார்கள் என்பதை நினைத்தால் எனக்கு நெஞ்சு அடைக்கும். பாட்டும் ஒன்றும் மூடி மறைப்பதில்லை. வாழ்க்கையில் இருட்டும் உண்டு, தொல்லையும் உண்டு என்று ஒத்துக்கொண்டுதான் முதல் அடியே தொடங்குகிறது. வெயிலைப் பற்றிய பேச்சு அதற்கு அப்புறம்தான். உன்னிடம் பாசிட்டிவா இரு என்று சொன்னவர் இந்த முதல் அடியை விட்டுவிட்டார், அவ்வளவுதான்.

வீடியோவில் பேசும்போது உன் அறையைப் பார்த்தேன். மேசையைச் சுவரைப் பார்க்கப் போட்டு, ஜன்னல் திரையை இழுத்து மூடி வைத்திருக்கிறாய். எழுந்தவுடன் அந்தத் திரையை ஒதுக்கு. மேசையை ஜன்னல் பக்கம் திருப்பிப் போடு. பகல் சிறுத்துப்போன ஊரில் மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் கொஞ்ச நேரமாவது வெளியே நடந்துவிட்டு வா. அம்மாவிடம் பேசும்போது முதலில் என்ன சாப்பிட்டாய் என்று சொல், மற்றதெல்லாம் பிறகு. அவளுக்கு அதுதான் வேண்டும். புலம்ப வேண்டியதையெல்லாம் என்னிடம் புலம்பு, நான் இருக்கிறேன். எவ்வளவு நேரமானாலும் கேட்பேன். முடிக்கும்போது, நாளைக்குச் செய்யப் போகிற ஒரு வேலையை மட்டும் சொல்லிவிட்டு வை.

மூலையில் உறை கூடக் கழற்றாமல் சாய்ந்திருக்கிறதே ஒரு கிட்டார், அதைச் சொல்லாமல் விடுவேன் என்று நினைத்தாயா? ஆசை ஆசையாக வாங்கினாயே! மேபெல் வாசித்த விதத்தைக் கவனித்துக் கேள். கட்டைவிரல் கீழ்ஸ்தாயித் தந்திகளில் மெட்டை வாசிக்கும், இன்னொரு விரல் மேல்ஸ்தாயித் தந்திகளை வருடித் தாளம் தரும். ஒரே கை இரண்டு வேலையும் பார்க்கும். அவளுக்குப் பின்னால் எத்தனையோ பேர் அதைப் பார்த்துக் கற்றுக்கொண்டார்கள். முதலில் கட்டைவிரலை மட்டும் பழக்கு, மெதுவாக, ஒவ்வொரு சுரமாக. வாசிக்க மனசில்லாத நாளிலும் எடுத்துச் சுருதி சேர்த்துவிட்டு வை. சுருதி சேர்ந்து கிடக்கிற வாத்தியத்தை மறுநாள் தொட மனசு வரும்.

பனி குறைந்ததும் ஒரு சனிக்கிழமை ஹில்டன்ஸ் ஊருக்குப் போய்விட்டு வா. ஏ. பி.யின் மகள் ஜேனட், அப்பாவின் பாட்டுகளை விடாமல் காப்பாற்ற வேண்டும் என்று 1970களில் தொடங்கிய கார்ட்டர் ஃபோல்ட் என்ற கொட்டகை அங்கே இருக்கிறது. சனிக்கிழமை இரவுகளில் கச்சேரி, மின்சார வாத்தியம் கூடாது. மேபெல்லின் மகள் ஜூனைக் கட்டிய பாடகர் ஜானி கேஷ், 2003இல் ஜூன் இறந்து இரண்டு மாதம்கூட ஆகாத நிலையில் வந்து பாடியது அந்த மேடையில்தான். அவருடைய கடைசிக் கச்சேரியும் அதுவே. பக்கத்திலேயே ஏ. பி.யின் கல்லறை இருக்கிறது. கல்லில் இந்தப் பாட்டின் தங்க இசைத்தட்டைப் பதித்து வைத்திருக்கிறார்கள். பார்த்துவிட்டு வந்து எனக்குச் சொல்.

தனியாகப் போகாதே. வீட்டு ஏக்கத்தில் சரியாகச் சாப்பிடாமல் இருக்கிறான் என்றாயே உன் அறைத் தோழன், அவனையும் கூட்டிப் போ. அதற்கு முன்னால் கைடு வேலை முடியட்டும். திங்கட்கிழமை மதியம் அறையில்தான் இருப்பார் என்று நீயே சொன்னாய். போய்க் கேட்டுவிட்டு, அவர் என்ன சொன்னார் என்று அன்றைக்கே எழுது. பருப்புப்பொடி அனுப்பியிருக்கிறேன், இரண்டு பேருக்கும் சேர்த்து.

அன்புடன்,
அத்தை