சொல்லை நிறுக்கும் தராசு

வியாபாரிக்குத் தராசைப்பற்றி நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் சொல்லை நிறுக்கவும் தராசு உண்டு. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் (1058–1111) இயற்றிய 'அல்கிஸ்தாஸுல் முஸ்தகீம்' என்ற நூலின் பெயருக்கே 'நேரான தராசு' என்றுதான் பொருள். மன்திக் என்னும் தர்க்கக் கலையின் வாதங்களை அதில் ஐந்து தராசுகளாக்கி, ஒவ்வொன்றுக்கும் திருக்குர்ஆனிலிருந்தே உதாரணம் காட்டுகிறார்கள்.

முதல் மூன்றும் ஒரே குடும்பம். நபி இப்ராஹீம் (அலை) அவர்களின் வாதம் ஒன்றே அவற்றை விளக்கப் போதும்: இறைவன் மறைபவனல்லன்; சந்திரன் மறைகிறது; ஆகவே சந்திரன் இறைவனன்று.

நம் கடைகளில் அதிகம் கோணுவது நான்காவது தராசு. இதற்குத் தலாஸும் என்று பெயர். ஒன்றிருந்தால் மற்றொன்று தொடரும் என்பது. வானம் பூமியில் பல தெய்வங்கள் இருந்தால் அவை சீர்குலைந்திருக்கும், குலையவில்லை, ஆகவே பல தெய்வங்கள் இல்லை. தொடர்வது இல்லையென்றால் முந்தியதும் இல்லை. இது நேரான நிறுவை.

இதையே திருப்பிப் பிடித்தால் என்னவாகும்? "பையன் திருடினால் சரக்குக் குறையும், வெங்காயம் குறைந்திருக்கிறது, ஆகவே பையன் திருடினான்" என்கிறார் முதலாளி. கேட்பவரும் தலையாட்டிவிடுகிறார். வெங்காயம் கிடங்கில் காய்ந்தால் தானே எடை இறங்கும் என்பது இருவருக்கும் தெரியும்! எலி இருக்கிறது, வந்திறங்கிய அன்றே நிறுவை குறைந்திருக்கலாம், கணக்குப்பிள்ளை ஒரு வரியை இருமுறை எழுதியிருக்கலாம். இத்தனையும் பாராமல் பேசிய பேச்சால் கடல் கடந்து பிழைக்க வந்த ஒரு பிள்ளை வேலையும் மானமும் இழந்து நிற்பான்.

ஐந்தாவது, 'இதுவா அதுவா' என்னும் தஆனுத். "பையன் அல்லது லாரிக்காரன், லாரிக்காரன் அல்லன், ஆகவே பையன்தான்." வடிவம் சரியே. ஆனால் இருவரைத் தவிர வேறு வழியே இல்லை என்று யார் ருசுப்படுத்தினார்? எலி இங்கும் நிற்கிறது.

இந்த ஐந்திலும் சேராத ஒரு வகையை நாம் தினமும் கையாள்கிறோம்: மாதிரி பார்த்து முழுச் சரக்கையும் மதிப்பது. மன்திக்கில் இதற்கு இஸ்திக்ரா என்று பெயர். கடைத்தெருவில் ஒரு தானியக் குவியலுக்குள் நாயகம் (ஸல்) அவர்கள் கையை விட்டபோது உள்ளே ஈரம் தட்டுப்பட்டது. நனைந்ததை மக்கள் காணும்படி மேலே வைக்கலாகாதா என்று கேட்டார்கள் என ஸஹீஹ் முஸ்லிமில் வருகிறது. மேற்பரப்பு மட்டும் மாதிரியாகாது. நூறு மூட்டையில் பத்தை அடிவரை குத்திப் பார்த்தாலும் மீதித் தொண்ணூறைப்பற்றி நமக்குள்ளது நல்ல ஊகமே. நூறையும் பார்த்தவருக்கே உறுதி.