பெடலுக்குக் கிட்டாரைத் தெரியாது

சித்திரையில் வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழா நெருங்க நெருங்க, பழனிசெட்டிபட்டியிலும் சுற்றுவட்டாரத்திலும் வீட்டு மாடியில் மிக்ஸிங் அறை வைத்திருக்கும் இளைஞர்களுக்குத் தூக்கம் குறையும். ஒரு அம்மன் பாட்டு, உறுமியோடு ஒரு கிராமியப் பாட்டு, நடுவே யார் வீட்டுக் காதுகுத்து வீடியோவுக்கோ பின்னணி இசை. இப்படிப்பட்ட அறைகளில் ஏதாவது ஒரு மூலையில் கல்லூரி நாளில் வாங்கிய கிட்டார் டிஸ்டார்ஷன் பெடல் ஒன்று தூசி படிந்து கிடக்கும். "அதையும் மிக்ஸிங்கில் போட்டுப் பார்க்கலாமே" என்று சொல்லிப் பாருங்கள். மறுப்புகள் வரிசையாக வரும். சிலவற்றில் பாதி உண்மை இருக்கிறது, சிலவற்றில் அதுவும் இல்லை.

நம்பிக்கை: பெடல் கிட்டாருக்கென்றே பிறந்தது. மிக்ஸிங்கில் அதற்கு வேலை இல்லை.

பிறந்த கதையே இதற்கு நேர் எதிர். அமெரிக்காவில் நாஷ்வில் நகரில் 'குவான்செட் ஹட்' என்றொரு ஒலிப்பதிவுக்கூடம். மார்ட்டி ராபின்ஸின் 'டோன்ட் வொரி' பாட்டுக்கு கிரேடி மார்ட்டின் ஆறு தந்தி பேஸ் வாசிக்கிறார். அவருடைய வாசிப்பு போன கன்சோல் சானலில் டிரான்ஸ்ஃபார்மர் பழுது. பேஸ் கரகரவென்று கிழிந்த குரலில் பதிவானது. அழித்துவிட்டு மறுபடி எடுக்காமல் அப்படியே விட்டார்கள். 1961இல் பாட்டு பிரபலமானது. ஒலிப்பொறியாளர் க்ளென் ஸ்னாடி அந்தப் பழுதையே ஒரு டிரான்சிஸ்டர் சுற்றாக அமைத்து கிப்ஸன் நிறுவனத்திடம் கொண்டுபோனார். 1962இல் அது 'மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன்' என்ற பெயரில் கடைக்கு வந்தது. ஆக, டிஸ்டார்ஷன் பெடல்களில் ஒரு வகையான ஃபஸ் பெடல் என்பதே மிக்ஸிங் கன்சோலின் கோளாறைப் பெட்டிக்குள் அடைத்த பொருள். அதைத் திரும்ப மிக்ஸிங்குக்குக் கொண்டுவருவதில் புரட்சி ஒன்றும் இல்லை.

கன்சோலைக் கெடுத்தே ஓசை எடுத்தவர்களும் உண்டு. 1968இல் பீட்டில்ஸின் 'ரெவல்யூஷன்' பாட்டுக்குக் கிட்டாரை ஆம்ப் இல்லாமல் நேராகக் கன்சோலில் செருகி, முன்பெருக்கிகளை அளவுக்கு மீறி முடுக்கினார்கள். நம் காலத்தில் சாட் பிளேக் என்ற மிக்ஸிங் பொறியாளரைச் சொல்ல வேண்டும். டெக் 21 நிறுவனம் கிட்டாருக்காகச் செய்த 'சான்ஸ்ஆம்ப்' கருவியை டிரம், பேஸ், குரல் என்று எதில் வேண்டுமானாலும் போடுவார். அதுவே அவருடைய அடையாளமாகிவிட்டது.

நம்பிக்கை: டிஸ்டார்ஷன் என்றாலே கெட்டுப்போன ஒலி. நம் இசைக்கு ஒத்துவராது.

நம் காது இதைப் பழகி வெகுநாள் ஆயிற்று. தம்பூராவின் குதிரையில் தந்திக்கு அடியில் ஒரு நூலைச் செருகி, இழுத்து இழுத்து ஓரிடத்தில் நிறுத்துகிறார்களே, அந்த ஜீவாளி எதற்கு? தந்தி குதிரையை உரசி அதிரட்டும், அதில் மேல்சுரங்கள் கொப்பளிக்கட்டும் என்பதற்குத்தான். நூலை எடுத்துவிட்டால் சுருதி சரியாகவே இருக்கும், தம்பூரா மட்டும் செத்துவிடும். டிஸ்டார்ஷனின் அடிப்படை வேலையும் இதுவே: உள்ளே போன சுரத்தில் இல்லாத மேல்சுரங்களைப் புதிதாக உண்டாக்குவது. கூடவே, அலையின் உச்சிகளைச் சீவிவிடுவதால் மெல்லிய ஒலிக்கும் பலத்த ஒலிக்கும் உள்ள இடைவெளி சுருங்குகிறது.

இதனால் கைமேல் கிடைக்கும் பலன் ஒன்று இருக்கிறது. தவிலின் தொப்பிப் பக்கமும் பேஸ் கிட்டாரின் கீழ்ச்சுரங்களும் ஸ்டுடியோ ஸ்பீக்கரில் நெஞ்சைத் தட்டும். செல்போனில் காணாமல் போகும். 60 ஹெர்ட்ஸை ஒலிக்க அந்தக் குட்டி ஸ்பீக்கருக்கு வக்கில்லை. பெடல் வழியாகப் போனால் அதே 60 ஹெர்ட்ஸ் சுரத்துக்கு 180, 300, 420 என்று மேல்சுரங்கள் முளைக்கின்றன. செல்போனில் அந்த மேல்படிகள் கேட்கும். அடியில் உள்ள சுரத்தைக் காதே ஊகித்து நிரப்பிக்கொள்ளும். பாட்டு கேட்பவர்களில் பாதிப் பேர் பேருந்தில் போனைக் கையில் பிடித்துக் கேட்கிற ஊரில், பேஸ் ஃபேடரை ஏற்றிக்கொண்டே போவதைவிட இது புத்திசாலித்தனம்.

நம்பிக்கை: கம்ப்யூட்டரின் ஆடியோ இன்டர்ஃபேஸிலிருந்து நேராகச் செருகினால் பெடல் எரிந்துவிடும்.

எரியாது. ஆனால் அசிங்கமாக ஒலிக்கும். அதைக் கேட்டுப் பயந்தவர்கள் கிளப்பிவிட்ட வதந்தி இது. கணக்கைப் பார்த்துவிடலாம். சாதாரண சிங்கிள் காயில் பிக்அப் தருவது ஒரு வோல்ட்டில் பத்தில் ஒன்றோ இரண்டோ பங்கு. ஸ்டுடியோக் கருவிகளின் வழக்கமான லைன் அளவு, அதாவது பிளஸ் 4 டிபியூ, 1.23 வோல்ட். பிளஸ் 18 டிபியூ வரை தரும் இன்டர்ஃபேஸில் மீட்டர் உச்சியைத் தொட்டால் அலை மேலிருந்து கீழாக 17 வோல்ட்டுக்கு மேல் ஆடும். பெடலுக்குள் இருப்பதோ 9 வோல்ட். டயோடுகள் அழகாக வெட்டுவதற்கு முன்பே உள்ளீட்டுப் பகுதி அலையைத் தாறுமாறாக நறுக்கிவிடும். கெயின் குமிழைப் பூச்சியத்தில் வைத்தாலும் இரைச்சல் குறையவில்லையே என்று புலம்புவது இதனால்தான்.

தீர்வுக்குக் காசு செலவில்லை. பெடலுக்கு அனுப்பும் ஃபேடரை 15இலிருந்து 20 டெசிபல் இறக்குங்கள். "டிஜிட்டலில் இறக்கினால் தரம் போய்விடுமே" என்பார்கள். 24 பிட்டில் 20 டெசிபல் என்பது மூன்று பிட் சொச்சம். பெடலின் சொந்த இரைச்சல் அதைவிடப் பெரிது. பெடலிலிருந்து திரும்பி வரும் கேபிளை இன்டர்ஃபேஸில் கிட்டாருக்கென்று உள்ள 'இன்ஸ்ட்ருமென்ட்' உள்ளீட்டில் செருகுவது நல்லது. பிக் மஃப் போன்ற பெடல்களின் வெளியீடு கனமான சுமையைத் தாங்காது.

பெடலை உண்மையிலேயே எரிக்கும் ஆள் வேறு: வைஃபை ரவுட்டரின் அடாப்டர். முனை பெடலில் கச்சிதமாகப் பொருந்தும். ஆனால் பெரும்பாலான கிட்டார் பெடல்களுக்கு நடு முனை நெகட்டிவ். ரவுட்டர் அடாப்டர்களில் பொதுவாக நடு முனை பாசிட்டிவ், போதாக்குறைக்குப் பலவற்றில் 12 வோல்ட். தலைகீழ் இணைப்பைத் தாங்கும் டயோடு எல்லாப் பெடலிலும் இருப்பதில்லை. மைக்செட் பழக்கத்தில் பவர் ஆம்பின் ஸ்பீக்கர் வெளியீட்டைப் பெடலில் செருகுவதும் இதே ரகம்.

நம்பிக்கை: ரீஆம்ப் பெட்டி இல்லாமல் இதைத் தொடவே கூடாது.

ஜான் குனிபெர்ட்டி என்ற பொறியாளர் 1990களின் தொடக்கத்தில் உருவாக்கிய பெட்டி அது. லைன் அளவைக் கிட்டார் அளவுக்கு இறக்கும், மின்தடையைப் பிக்அப்பைப் போல உயர்த்திக் காட்டும், டிரான்ஸ்ஃபார்மரால் இரு பக்க எர்த்தையும் பிரிக்கும். நல்ல பொருள்தான், ஆனால் கட்டாயமில்லை. பாஸ் டிஎஸ்-1, ரேட், டியூப் ஸ்க்ரீமர் போன்றவற்றின் உள்ளீட்டுத் தடை பெரியது. எதிரே இருப்பது பிக்அப்பா இன்டர்ஃபேஸா என்று அவை கவலைப்படுவதில்லை. ஃபஸ் ஃபேஸ் குடும்பம் மட்டும் விதிவிலக்கு. அதன் உள்ளீட்டுத் தடை மிகக் குறைவு. பிக்அப்பின் காயிலோடு சேர்ந்துதான் அதன் குழைவே உருவாகிறது. இன்டர்ஃபேஸிலிருந்து நேராக ஓட்டினால் தகரத்தைச் சுரண்டியது போல் இருக்கும். அதற்கு ரீஆம்ப் பெட்டி வேண்டும், அல்லது நடுவில் ஒரு ரெசிஸ்டரைக் கோத்துப் பார்க்கலாம்.

எர்த் என்றதும் ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். கம்ப்யூட்டர், இன்டர்ஃபேஸ், பெடல் அடாப்டர் எல்லாம் வெவ்வேறு ப்ளக்கில் இருந்தால் 50 ஹெர்ட்ஸும் 100 ஹெர்ட்ஸுமாக 'உம்' என்று ஒரு உறுமல் வரும். உடனே யாராவது ஸ்க்ரூடிரைவரோடு வந்து ப்ளக்கின் எர்த் பின்னைக் கழற்றச் சொல்வார். உறுமல் நிற்கும், உண்மை. எங்காவது மின்கசிவு இருந்தால் அது மைக்கைப் பிடித்துப் பாடுகிறவரின் உடல் வழியாக இறங்கும் என்பதும் உண்மை. பெடலை பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். பாதி நேரம் அதிலேயே தீர்ந்துவிடும். தீராவிட்டால் டிரான்ஸ்ஃபார்மர் உள்ள பெட்டியை நடுவில் வையுங்கள். பின்னில் கை வைக்காதீர்கள்.

நம்பிக்கை: முழுப் பாட்டையும் பெடலில் ஓட்டினால் 'வார்ம்த்' வந்துவிடும்.

வருவது சேறு. ஒற்றைச் சுரம் போனால் அதன் மேல்சுரங்கள் வரும். இரண்டு சுரங்கள் சேர்ந்து போனால் அவற்றின் கூட்டலும் கழித்தலும் சேர்ந்து வரும். ஸட்ஜம் 240 ஹெர்ட்ஸ், பஞ்சமம் 360 என்றால் வித்தியாசம் 120. அது கீழ் ஸ்தாயி ஸட்ஜம், ஆகவே இனிமை. ராக் கிட்டார்காரர்கள் ஸ-ப மட்டும் சேர்த்து அடிப்பதன் காரணமும் அதுவே. கீபோர்டில் அந்தர காந்தாரத்தைச் சேர்த்துப் பாருங்கள். கீபோர்டு சுருதியில் அது 302.4. பெடல் இதிலிருந்து 364.8 என்ற ஒன்றை உற்பத்தி செய்கிறது. பக்கத்திலேயே கீபோர்டின் பஞ்சமம் 359.6இல் நிற்கிறது. இரண்டும் நொடிக்கு ஐந்து முறை மோதிக்கொள்ளும். இது வெறும் மூன்று சுரத்தின் கதை. குரல், நாதஸ்வரம், கீபோர்டு, உறுமி எல்லாவற்றையும் சேர்த்து ஒரே பெடலில் திணித்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

எனவே தனித்தனி டிராக்காக, அதிலும் ஒரே நேரத்தில் ஒரே சுரம் ஒலிக்கும் டிராக்காகப் பார்த்து அனுப்புங்கள்: பேஸ், உறுமி, தவில், தனிக்குரல். சுத்தமான டிராக்கை அப்படியே வைத்துவிட்டு, பெடலிலிருந்து வந்ததைப் பக்கத்தில் இன்னொரு டிராக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். தனியாகக் கேட்கும்போது சகிக்க முடியாமல் இருப்பது கலவையில் சரியாக உட்காருவது இந்த வேலையில் சகஜம். எந்தப் பெடல் என்பதும் முக்கியம். டியூப் ஸ்க்ரீமரின் சுற்று சுமார் 720 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை அதிகம் வெட்டுவதில்லை. குரலுக்கு அது தோது. பிக் மஃப் நடு அலைவரிசையைக் குழித்துவிடும், குரல் அங்கே தொலைந்துபோகும். ரேட் பெடலின் ஃபில்டர் குமிழ் வலப்பக்கம் திருப்பத் திருப்ப ஒலி மங்கும். முதன்முறை தொடுகிறவர்கள் பெடல் பழுது என்றே நினைப்பார்கள்.

இரண்டு டிராக்கை இப்படிக் கலக்கும்போது ஒரு பொறி உண்டு. வெளியே போய்த் திரும்பி வந்த ஒலி சில மில்லிசெகண்ட் தாமதமாக வரும். சரியாக 5 மில்லிசெகண்ட் தாமதம் என்று வைத்துக்கொண்டால் 100 ஹெர்ட்ஸ், 300, 500 என்று வரிசையாகப் பள்ளம் விழும். உறுமியின் கனமே போய்விடும். "பெடல் பேஸைத் தின்கிறது" என்ற புகாரில் பெரும்பகுதி இந்தத் தாமதத்தின் வேலை. ரீப்பரில் ரீஇன்சர்ட், கியூபேஸில் எக்ஸ்டர்னல் எஃபெக்ட்ஸ் போன்ற வசதிகள் தாமதத்தை அளந்து சரிசெய்யும். இல்லையென்றால் பதிவான அலையைப் பெரிதாக்கிப் பார்த்துக் கையால் நகர்த்திச் சேருங்கள். சில பெடல்கள் அலையைத் தலைகீழாக்கியும் அனுப்பும். அதையும் அப்போதே புரட்டிப் பார்த்துவிடலாம்.

நம்பிக்கை: அனலாக் பெடலுக்கு எந்தப் ப்ளக்இன்னும் ஈடாகாது.

ஒரு காலத்தில் பாதி உண்மை. 44.1 கிலோஹெர்ட்ஸில் ஓடும் மட்டமான டிஸ்டார்ஷன் ப்ளக்இன்னில் 5 கிலோஹெர்ட்ஸ் ஒலியின் ஏழாம் மேல்சுரம் 35 கிலோஹெர்ட்ஸுக்குப் போக வழியில்லாமல் மடங்கி 9.1இல் வந்து விழும். எந்த ராகத்திலும் சேராத கீச்சொலி அது. பெடலில் இந்த மடிப்பு கிடையாது. ஆனால் ஓவர்சாம்ப்ளிங் உள்ள இன்றைய ப்ளக்இன்கள் இதை வெகுவாகக் குறைத்துவிட்டன. கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் எது எது என்று சொல்வது கடினம். பெடலின் பலம் வேறு இடத்தில்: வீட்டில் ஏற்கெனவே கிடக்கிறது, குமிழைத் திருப்பியதும் கை உடனே முடிவெடுக்கிறது.

பலவீனமும் அந்தக் குமிழ்தான். வாடிக்கையாளர் மூன்று வாரம் கழித்து வந்து "அண்ணே, உறுமியை மட்டும் கொஞ்சம் குறைங்க" என்பார். பெடலுக்கு ஞாபகம் கிடையாது. ஆகவே பெடல் ஒலியைத் தனி டிராக்காகப் பதிந்து, டிராக் பெயரிலேயே பெடலின் பெயரையும் எழுதி, குமிழ்களைப் போனில் ஒரு படம் எடுத்து அதே ஃபோல்டரில் போட்டு வையுங்கள்.