லயத்து அடுப்பில் பண்டிகைக் கேக்



தீபாவளி முற்பணம் கைக்கு வரும் வாரத்தில் நமது பல்லேபொலப் பக்கத்து லயங்களில் என்ன நடக்கிறது என்பது உங்களுக்கே தெரியும். பாதி துணிமணிக்குப் போகிறது. மீதியில் பலகாரச் சாமான் வாங்கியாகிறது. அதற்கு மேல் பிள்ளைகள் "அம்மா, கேக் வாங்கலியா?" என்று கேட்டதும் கடைக் கொப்பியில் கடன் எழுதி, ஐசிங் பூசிய கேக் ஒன்று வீட்டுக்கு வருகிறது. பண்டிகை ஒரு நாளில் முடிந்துவிடும். முற்பணம் மாதாமாதம் சம்பளத்தில் கழிந்துகொண்டிருக்கும். கடைக் கடனும் கூடவே நிற்கும்.

கேக் வேண்டாமென்று சொல்ல நாம் வரவில்லை. பிள்ளை ஆசைப்படுவதில் என்ன பிழை? அந்தக் கேக்கைப் போறணை இல்லாமல், லயத்து அடுப்பிலேயே சுடலாம் என்பதுதான் இந்த மாதப் பாடம்.

2022ஆம் ஆண்டை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். அந்த வருடம் செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி சாப்பாட்டுச் சாமான்களின் விலை, ஒரு வருடத்துக்கு முன்பிருந்ததைவிட 94.9 சதவீதம் கூடியிருந்தது. 2023இல் முட்டையைக்கூட இந்தியாவிலிருந்து இறக்கினார்கள். விலை ஏறும் காலத்தில் கடைக் கேக்கில் எதைக் குறைத்தார்கள், எதைக் கூட்டினார்கள் என்று வாங்குகிறவருக்குத் தெரியாது. வீட்டில் சுட்டால் என்ன போட்டோம் என்பது நமக்குத் தெரியும்.

பட்டர் கேக்கின் கணக்கு மிகச் சுலபமானது. வெள்ளைக்காரர் ஒரு இறாத்தல் மா, ஒரு இறாத்தல் சீனி, ஒரு இறாத்தல் பட்டர், ஒரு இறாத்தல் முட்டை என்று நாலும் சரிசமமாகப் போட்டுச் சுட்டார்கள். அதனால்தான் அதற்கு இறாத்தல் கேக் என்று பெயர் வந்தது. துரை பங்களாக் கோக்கிமாரும் இந்தக் கணக்கில்தான் கேக் சுட்டார்கள். இங்கே கவனிக்க வேண்டியது, சமம் என்பது நிறையில் சமம். நம்மில் பலர் தேநீர்க் கோப்பையால் ஒரு கோப்பை மா, ஒரு கோப்பை சீனி என்று அளக்கிறோம். ஒரு கோப்பை மா சுமார் 125 கிராம்தான். அதே கோப்பையில் சீனி 200 கிராம் வரும். கேக் நடுவில் குழி விழுந்து பிசுபிசுவென்று போவதற்கு இதுவும் ஒரு காரணம். ஆகவே கடைக்காரரிடமே தராசில் நிறுத்து வாங்கிவிடுங்கள்.

ஒரு குடும்பத்துக்கு 250 கிராம் கணக்கு போதும். மா 250, சீனி 250, மாஜரின் 250, முட்டை ஐந்து. பேக்கிங் பவுடர் இரண்டு தேக்கரண்டி, வனிலா ஒரு தேக்கரண்டி, பால் இரண்டு மூன்று மேசைக்கரண்டி. எட்டு அங்குலச் சதுரத் தட்டில் சுட்டால் இருபது துண்டு வெட்டலாம். ஆறு குடும்பம் ஒன்றுசேர்ந்தால் மாவும் சீனியும் மாஜரினும் ஒன்றரைக் கிலோ வீதம், முட்டை முப்பது. தட்டும் பானையும் ஆறு பேருக்கும் ஒன்றே போதும். மாதச் சீட்டுப் பிடிக்கத் தெரிந்த நமக்கு இது பெரிய வேலையல்ல. சித்திரையிலிருந்தே ஆளுக்குக் கொஞ்சம் சேர்த்தால் தீபாவளிக்கு முற்பணத்தைத் தொடவே வேண்டியதில்லை. ஒன்றை மட்டும் ஞாபகம் வையுங்கள்: ஆறு கேக்குக்கும் ஒரே தடவையில் கலக்க வேண்டாம். பேக்கிங் பவுடர் ஈரம் பட்டதும் வேலையைத் தொடங்கிவிடும். காத்துக்கிடக்கும் கலவையில் காற்றுப் போய், கேக் எழும்பாது.

இனி அடிக்கும் வேலை. மாஜரினையும் சீனியையும் வெள்ளையாக, பஞ்சுபோல வரும்வரை அடிக்க வேண்டும். சீனிப் பருக்கை மாஜரினுக்குள் காற்றை இழுத்து வைக்கிறது. அடுப்பில் அந்தக் காற்று விரிந்துதான் கேக் உயர்கிறது. மாஜரின் மெதுவாக இருக்க வேண்டும், உருகியிருக்கக் கூடாது. மேலே றத்தோட்டைப் பக்கத்து மலைத் தோட்டங்களில் குளிருக்கு அது கட்டியாக நிற்கும். அடுப்பருகே சற்று வைத்தெடுக்கலாம். பல்லேபொலவின் வெக்கைக்கு அப்படிச் செய்தால் எண்ணெயாகிவிடும். இங்கே காலை வேளையில் அடிப்பதே நல்லது. கையால் அடித்தால் அரைமணி நேரம் பிடிக்கும். நாள் முழுக்கக் கொழுந்து பறித்த கைக்கு இதையும் கொடுப்பது நியாயமில்லை. வீட்டு ஆம்பிளைகள் இந்த வேலையை எடுத்துக்கொள்ளட்டும்.

பிறகு முட்டையை ஒவ்வொன்றாகச் சேர்த்து அடியுங்கள். முட்டைகளைத் தனிக் கிண்ணத்தில் உடைத்துப் பார்த்த பிறகே சேர்க்க வேண்டும். ஒரு கூழ்முட்டை மொத்தத்தையும் கெடுத்துவிடும். கடைசியில் பேக்கிங் பவுடரோடு சலித்த மாவைப் போட்டு, அடிக்காமல் மெதுவாகக் கிளறி, பாலும் வனிலாவும் விடுங்கள். மா சேர்ந்த பின் பலமாக அடித்தால் கேக் றொட்டிபோல இறுகும்.

பானை அடுப்புக்கு அடி கனத்த பழைய சோற்றுப் பானை ஒன்று வேண்டும். அதில் இரண்டு விரல் உயரம் கழுவிக் காயவைத்த ஆற்று மணல் போடுங்கள். தீபாவளி மழைக்காலத்தில் வருகிறது, ஆகவே மணலையும் சிரட்டைக்கரியையும் வெயில் கண்ட நாளிலேயே காயவைத்து எடுத்து வையுங்கள். மூடிவைத்துக் கால்மணி நேரம் சூடாக்கி, மணல்மேல் மூன்று சிறு கல் வைத்து, அதன்மேல் எண்ணெய்த்தாள் விரித்த கேக் தட்டை இறக்கி, தகர மூடியால் மூடி, மூடியின் மேல் தணல் போட வேண்டும். கீழே ஒரு பங்கு நெருப்பு, மேலே இரண்டு பங்கு. இதை மாற்றிவிட்டால் அடி கருகும், மேல் வேகாது. முதல் அரைமணி நேரம் திறக்கவே கூடாது. முக்கால் மணிக்கு மேல் ஈர்க்குக் குத்திப் பாருங்கள். ஒட்டாமல் வந்தால் இறக்கலாம்.

இந்த வேலையைக் காம்பிராவுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு ஒருபோதும் செய்யாதீர்கள். மழை பெய்கிறதே, பிள்ளைகளுக்குக் குளிருமே என்று தணலை உள்ளே கொண்டுபோவதும் ஆபத்து. கரித்தணலிலிருந்து காபனோரொட்சைட்டு என்ற நச்சுக்காற்று வருகிறது. அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. புகை இல்லாத தணலிலும் அது வரும். முதலில் தலையிடி, தலைச்சுற்று, குமட்டல். தூக்கத்திலேயே உயிரும் போகலாம். நித்திரையிலிருக்கும் பிள்ளைக்கு ஒன்றுமே தெரியாது. திறந்த வாசலில், காற்றோடும் இடத்தில் சுடுங்கள். யாருக்காவது தலை சுற்றினால் எல்லோரையும் வெளியே கொண்டுவந்து, 1990 இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள், அது இலவசம். முடிந்ததும் தணலைத் தண்ணீர் ஊற்றி அணைக்க வேண்டும். சூடு பட்ட கையைக் குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் பிடியுங்கள். பற்பசை பூசுகிற பழக்கத்தை இந்த வருடத்தோடு விடுவோம்.

ஒரு துண்டில் மட்டும் 12 கிராமுக்கு மேல் சீனி இருக்கிறது, சுமார் மூன்று தேக்கரண்டி. சீனி வருத்தம் உள்ள தாத்தா பாட்டிமாருக்கு அரைத் துண்டு கொடுங்கள், அதோடு வெறும் தேத்தண்ணி.

கிறிஸ்மஸ் கொண்டாடும் குடும்பங்கள் ரிச் கேக் பற்றிக் கேட்கிறீர்கள். அதில் ரவை, கஜு, முந்திரிகை வற்றல், பூசணித் தோசி எல்லாம் சேரும். கறுவா, கராம்பு, சாதிக்காய், ஏலக்காய்க்கு மாத்தளை மாவட்டத்தில் பஞ்சமில்லை. சந்தையில் முழுதாக வாங்கி வீட்டில் இடித்தால் பொட்டலத் தூளைவிட மணக்கும். பழங்களைப் பிராந்தியில்தான் ஊறவைக்க வேண்டுமென்று சட்டமில்லை. தோடம்பழச் சாறும் கொஞ்சம் தேனும் போதும். அப்படியானால் ஒரே இரவு மட்டும் ஊறவைத்து மறுநாளே சுட்டுவிட வேண்டும். போத்தல் வீட்டுக்குள் வர கேக் ஒரு சாட்டாகக் கூடாது என்பது எமது அபிப்பிராயம்.

பட்டர் கேக் நாலைந்து நாளைக்குத்தான் நல்லாயிருக்கும், ஆகவே பண்டிகைக்கு இரண்டு நாள் முன்பு சுட்டால் போதும். ரிச் கேக்கில் சீனியும் வற்றலும் ஈரத்தைப் பிடித்துவைப்பதால் பூஞ்சணம் சுலபமாகப் பிடிக்காது. நன்றாக ஆறியபின் எண்ணெய்த்தாளில் சுற்றி, காற்றுப் புகாத டின்னில் வையுங்கள். கொழும்பில் வேலை செய்யும் பிள்ளைகள் லீவு முடிந்து போகும்போது கையில் கொடுத்துவிடவும் அதுதான் தோதானது.