ஐஸ் போன பிறகு பேர்ச் எங்கே?

கேள்வி: மூன்று மாரியாகச் சிம்கோ ஏரியில் ஐஸில் துளையிட்டு பேர்ச் பிடிக்கிறேன். மார்ச் கடைசியிலும் ஐஸ் ஓரடித் தடிப்பு இருக்கிறதே, ஏன் நிறுத்த வேண்டும்? போன ஏப்ரலில் ஐஸ் போனதும் பாரி நகரக் கரையில் விடியற்காலை தொட்டு நின்றேன். ஒன்றுகூடக் கொத்தவில்லை. என்ன பிழை?
– வாசகர், ஸ்காபுறோ

பதில்: தடிப்பை நம்பாதீர்கள். ஜனவரியில் 15 சென்ரிமீற்றர் தெளிந்த ஐஸ் ஆளைத் தாங்கும். மார்ச்சில் ஓரடி ஐஸ்கூடத் தாங்காமல் போகலாம். வெயில் உள்ளே இறங்கிப் பளிங்குகளின் பொருத்துகளை உருக்கிவிடுகிறது. பிறகு அது ஒரே பாளம் இல்லை, நிமிர்த்தி வைத்த ஈர்க்குக் கட்டு. கால் வைத்தால் பிரிந்துவிடும். காலையில் இறுகி இருந்தது மத்தியானம் இளகும். ஒவ்வோர் அடிக்கும் முன்னால் அலவாங்கால் குத்திப் பாருங்கள். ஒரு குத்தில் தண்ணீர் வந்தால் வந்த வழியே திரும்புங்கள். விழுந்தால் முதல் நிமிடம் மூச்சு உங்கள் வசம் இருக்காது. பத்து நிமிடத்தில் கைகால் சொல்வழி கேட்காது. சிம்கோவில் ஐஸ் குடில்களை மார்ச் 15க்குள் எடுத்துவிட வேண்டும் என்பது சட்டம். என் கணக்கில் குடிலோடு ஆளும் வந்துவிட வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. அந்த நாட்களில் பேர்ச், முட்டையிடும் காலம் நெருங்குவதால், ஆழம் குறைந்த குடாக்களுக்கும் ஆற்று முகங்களுக்கும் நகரத் தொடங்கும். ஐஸ் முதலில் கெடுவதும் அங்கேதான். ஆகவே மீனைத் துரத்த வேண்டாம். சில வாரம் பொறுத்தால் அது கரைக்கே வரும்.

நீங்கள் நின்ற இடம்தான் பிழை. பாரி இருப்பது கெம்பன்ஃபெல்ற் குடாவில்; 41 மீற்றர் வரை ஆழம், மெதுவாகத்தான் சூடேறும். தெற்கே குக்ஸ் குடாவுக்குப் போங்கள். ஆழம் குறைவு, பாசி அதிகம், ஹொலன்ட் ஆறு வந்து விழுகிறது. எந்தக் குடாவிலும் தெற்கு வெயில் படும் வடகரை, கறுத்த சேற்றடி, காற்று மறைவு மூன்றும் சேர்ந்த இடமே முதலில் சூடாகும்.

நேரமும் பிழை. கோடையில் விடியற்காலை சரி. ஏப்ரலில் பின்னேரம் இரண்டு மணிக்குப் பிறகு போங்கள். தண்ணீர் ஒரு பாகை ஏறினாலே மீனின் போக்கு மாறுவது தெரியும். 7 முதல் 12 பாகைக்குள் பேர்ச் முட்டையிடும்.

சாமானில் தடி மட்டும் மாறட்டும்: ஐஸின் குட்டைத் தடிக்குப் பதில் ஆறு, ஏழடித் தடி. மெல்லிய தங்கூசியும் சின்ன ஜிக்கும் அப்படியே இருக்கட்டும். சிறு மிதவையின் கீழே ஜிக்கைத் தொங்கவிட்டு, சற்று இழுத்து, நிறுத்தி, காத்திருங்கள். குளிர்ந்த தண்ணீரில் மீன் இரையைத் துரத்தாது. பலர் தோற்பது இந்தப் பொறுமையில்தான்.

லேக் ட்ரவுட்டும் வைற்ஃபிஷும் மார்ச் 15க்குப் பின் மே இரண்டாம் சனிக்கிழமை வரை பிடிக்கக் கூடாது. சில ஆற்று முகங்களும் அக்காலத்தில் மூடியிருக்கும். மாகாண மீன்பிடி விதிநூலைப் பார்த்துவிட்டுப் புறப்படுங்கள். ஐஸில் இரண்டு தூண்டில் போட்டீர்கள், கரையில் ஒன்றுதான். பேர்ச் நாளுக்கு 50, கன்சர்வேஷன் அனுமதி என்றால் 25. ஏப்ரலில் அகப்படும் பெரிய பேர்ச் பல சினை நிறைந்தவை. அவற்றைத் தண்ணீரில் விட்டுவிடுங்கள்.