மானிட்டர் இரண்டாகத் தெரிகிறதா?

பழைய பந்து மவுஸை நினைவிருக்கிறதா? உள்ளே ஒரு ரப்பர் பந்து, அதைத் தொட்டபடி இரண்டு உருளைகள். ஒன்று இடம் வலம், மற்றொன்று மேல் கீழ். நம் கண்ணும் ஏறக்குறைய 24 மி.மீ. விட்டமுள்ள ஒரு பந்துதான். ஆனால் அதைத் திருப்ப வெளிப்புறத்தில் 6 தசைகள் இருக்கின்றன.

இவற்றில் 4 நேர்த்தசைகள்: மேல், கீழ், உள், வெளி. பெயரைப் போலவே அந்தந்தப் பக்கம் இழுக்கின்றன. மற்ற 2 சாய்வுத் தசைகள். இவற்றில் மேல் சாய்வுத் தசைதான் எனக்கு மிகவும் பிடித்த டிசைன். கண்குழியின் மேல் மூலையில், மூக்குப் பக்கம் ஒரு சிறிய வளையம் உண்டு. கிணற்று ராட்டினத்தில் கயிறு திரும்புவது போல இந்தத் தசை அதற்குள் புகுந்து திரும்பி வந்து கண்ணைப் பிடிக்கிறது. அதனால் பின்னால் இருந்து இழுத்தாலும் கண் கீழே பார்க்கிறது!

இவற்றுக்கான 'கேபிள்கள்' மூளையிலிருந்து வரும் நரம்புகள். வெளி நேர்த்தசைக்கு 6வது மூளை நரம்பு, மேல் சாய்வுத் தசைக்கு 4வது. மீதி நான்கையும், இமையைத் தூக்கும் தசையையும் 3வது நரம்பு கவனிக்கிறது. இந்தக் கணக்கு ஏன் தேவை என்று கேட்கிறீர்களா?

அம்பத்தூர் எஸ்டேட்டில் எங்கள் அலுவலகத்தில் வேலை பார்க்கும் ஒரு மூத்த ஊழியருக்கு, திரையின் வலது ஓரத்து ஸ்க்ரோல் பார் திடீரென்று இரண்டாகத் தெரிந்தது. இடது ஓரத்து ஐகான்கள் சரியாக இருந்தன. கிராபிக்ஸ் டிரைவரைப் புதுப்பித்தார், கேபிளை மாற்றினார், பக்கத்து மானிட்டரையும் போட்டுப் பார்த்தார். கடைசியில் ஒரு கண்ணை மூடினார். ஒரே ஸ்க்ரோல் பார்! வலது கண்ணின் வெளி நேர்த்தசைக்குப் போகும் 6வது நரம்பு வலுவிழந்திருந்தது. காரணம், அவர் கவனிக்காமல் விட்ட சர்க்கரை நோய். சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டு வந்தபின் மூன்று மாதத்தில் சரியானது. இந்த வகை பெரும்பாலும் இப்படித் தானாகவே மீள்கிறது.

நீங்களும் இதே சோதனையைச் செய்யலாம். எந்தக் கண்ணை மூடினாலும் இரட்டை மறைந்தால், இரண்டு கண்களும் ஒரே இடத்தைப் பார்க்கவில்லை என்று பொருள். தசையையோ நரம்பையோ சோதிக்க வேண்டும். ஒரு கண்ணால் பார்க்கும்போதும் இரட்டையாகத் தெரிந்தால், பெரும்பாலும் அந்தக் கண்ணின் பவர் அல்லது கண்புரை போன்ற பிரச்சினை. பக்கத்தில் இருப்பவருக்கும் இரண்டாகத் தெரிந்தால் மட்டும் மானிட்டரைத் திட்டுங்கள்.

சாதாரணக் களைப்பு வேறு. இரு கண்மணிகளுக்கும் இடையே 63 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். 50 செ.மீ. தூரத்து மானிட்டரைப் பார்க்க ஒவ்வொரு கண்ணும் மூக்கை நோக்கி சுமார் 3.6 டிகிரி திரும்ப வேண்டும். 25 செ.மீ. தூரத்தில் செல்போன் என்றால் 7.2 டிகிரி. உள் நேர்த்தசைகள் அப்படியே பிடித்து நிற்கின்றன. கண்ணுக்குள் லென்ஸைச் சுற்றியுள்ள இன்னொரு தசையும் போகஸுக்காக இறுகி இருக்கிறது. போதாததற்கு, திரையைப் பார்க்கும்போது நாம் இமைப்பதும் குறைகிறது. கண்ணை உருட்டி உருட்டிப் பயிற்சி செய்வதைவிட, 20 நிமிடத்துக்கு ஒருமுறை 20 அடிக்கு அப்பால் 20 விநாடி பார்ப்பது மேல். அந்தத் தூரத்தில் இரண்டு தசைகளுக்கும் ஏறக்குறைய விடுமுறைதான்.

திடீரென்று வந்த இரட்டைப் பார்வைக்கு இந்த ஓய்வெல்லாம் மருந்தாகாது. ஓரிரு நாளில் கண் மருத்துவரைப் பாருங்கள். இமை தொங்குகிறது, கடும் தலைவலி, பேச்சு குழறுகிறது என்று ஏதாவது சேர்ந்தால் ஒரு மணி நேரம்கூடத் தள்ளிப்போடாமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். நம் பக்கத்து ஆட்களுக்கு எழும்பூர் அரசு கண் மருத்துவமனை இருக்கிறது. 1819ல் தொடங்கியது, உலகின் மிகப் பழைய கண் மருத்துவமனைகளில் ஒன்று. ஆவடியிலிருந்தோ அம்பத்தூரிலிருந்தோ சென்ட்ரல் வரை மின்சார ரயில், அங்கிருந்து ஆட்டோ. பைக்கை மட்டும் எடுக்காதீர்கள். எதிரே வரும் லாரி இரண்டாகத் தெரியும்போது எது நிஜம் என்று கண்டுபிடிக்க நேரம் இருக்காது.